அறுபது நாளைப் பதினைந்தாக்குங்கள்

அட்லாண்டா வட்டாரத்தில் தொழில் நடத்தும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும்,

வணக்கம். உங்களில் பலருக்கு நான்தான் வரிக் கணக்குப் பார்க்கிறேன். சிலர் கம்பெனியைப் பதிவு செய்த நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பாரம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். நமக்கு வேலை செய்துகொடுக்கும் சின்ன நிறுவனங்களுக்கு 60 நாள் கழித்துக் கொடுக்கும் பணத்தை 15 நாளில் கொடுங்கள் என்று கேட்கத்தான் இது. கொஞ்சம் நீளமான கடிதம். பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

போன வருஷம் ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கறுப்பினத்தவர், ஐம்பதை நெருங்கும் வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் பதினாறு வருஷம் துப்புரவுப் பிரிவில் சூபர்வைசராக இருந்துவிட்டு, சொந்தமாகக் கட்டடத் துப்புரவு கம்பெனி தொடங்கியவர். ஏழு பேருக்கு வேலை கொடுக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால், மூன்று வருஷத்து இன்வாய்ஸ்கள், மாதத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன. பினாயில் வாங்கிய ரசீதின் மை அழிந்துபோகும் என்று அதன் நகலையும் கூடவே வைத்திருந்தார். என்னிடம் வருகிறவர்களில் இப்படிக் கணக்கு வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அவருக்கு ஒரு மூன்று மாடி அலுவலகக் கட்டடத்தின் வேலை கிடைத்திருந்தது. அதுவரை செய்ததிலேயே பெரிய வேலை. அதனால்தான் சிக்கலும் வந்தது. மாதக் கடைசியில் இன்வாய்ஸ் போட வேண்டும். போட்ட நாளிலிருந்து 60 நாள் கழித்துப் பணம் வரும். அதாவது முதல் தேதி தரையைத் துடைத்ததற்கான காசு 90-வது நாள் கைக்கு வரும். வேலையாட்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம். முதல் செக்கைக் கண்ணில் பார்ப்பதற்குள் ஆறு முறை சம்பளம் போட்டாக வேண்டும். அதோடு இன்சூரன்ஸ், சம்பள வரி, தரை தேய்க்கும் மெஷின்.

40,000 டாலர் கேட்டு வங்கிக்குப் போனோம். நானும் கூடப் போனேன். மூன்று வருஷமும் லாபம் காட்டிய கணக்கு, குறையில்லாத வரி ரிட்டர்ன், ஒப்பந்தத்தின் நகல் எல்லாம் மேசையில் இருந்தன. லோன் ஆஃபிசர் கேட்ட முதல் கேள்வி, "சொந்த வீடு இருக்கிறதா?" இல்லை. இரண்டாவது கேள்வி, "உங்களை இங்கே யார் அனுப்பினார்கள்?" யாரும் இல்லை. பத்து நாளில் மறுத்துக் கடிதம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் அதே கிளையில் நம்மவர் ஒருவருக்கு இதைவிட மோசமான கணக்கோடு கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு ஆல்ஃபரெட்டா புறநகரில் வீடு இருந்தது. அறிமுகப்படுத்த அங்கே கணக்கு வைத்திருந்த ஒரு நண்பரும் இருந்தார்.

அந்த அம்மா பிறகு எங்கே போனார் தெரியுமா? மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ் என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. 30,000 டாலர் கையில் கொடுத்தார்கள். திருப்பிக் கட்ட வேண்டியது 42,000. வேலைநாள் ஒவ்வொன்றும் காலையில் 280 டாலர் அவர் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும், 150 நாளைக்கு. நம்மூரில் இதற்குப் பெயர் தண்டல். காய்கறிக் கடைக்காரரிடம் வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிட்டு, நூறு நாள் சைக்கிளில் வந்து வசூலிப்பார்களே, அதேதான். சைக்கிள் மட்டும் இல்லை. வருஷ வட்டியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 100 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று மாடிக் கட்டடம் நம்மவர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கியது. 60 நாள் தவணை போடச் சொன்னவன் நான். "கையில் ரொக்கம் நிற்கட்டும் அண்ணே, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று நான்தான் யோசனை சொன்னேன். அந்த அம்மாவின் பெட்டியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தபோது என் சொந்த வாசகத்தையே நான் படித்தேன். நாம் அவரிடம் வட்டியில்லாமல் மூன்று மாதக் கடன் வாங்கியிருந்தோம். அதற்கான வட்டியை அவர் தண்டல்காரருக்குக் கட்டிக்கொண்டிருந்தார். இதை எழுதலாமா என்று இரண்டு தரப்பிடமும் கேட்டேன். சரி என்றார்கள்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு வீடும் இல்லை, அறிமுகமும் இல்லை என்பது தற்செயல் அல்ல. அதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் 2022-ல் எடுத்த கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் சரிநடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2.85 லட்சம் டாலர். அப்படி நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். நம்மையும் சேர்த்து எண்ணிய ஆசியக் குடும்பங்களுக்கு 5.36 லட்சம். சிறுதொழிலின் முதல் காசு வங்கியிலிருந்து வருவது குறைவு. வீட்டை வைத்து, சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கி, சேமிப்பை உடைத்துத்தான் வருகிறது. வீடே வாங்க விடாமல் வைத்திருந்தால் அந்தக் காசு எங்கிருந்து வரும்?

விடாமல்தான் வைத்திருந்தார்கள். 1930-களில் அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடத்தில் கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசியது. சிவப்பென்றால் ஆபத்து, கடன் கொடுக்காதே என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு வீடு, தொழில், நிலம் வாங்க அரசு உத்தரவாதத்தோடு கடன் தரும் சட்டம் வந்தது. 1947-ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் அப்படிக் கொடுத்த 3,229 கடன்களை எண்ணிப் பார்த்தார்கள். கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டு சதவீதம் அல்ல, இரண்டே இரண்டு கடன்கள்.

"அவர்களுக்குச் சேமிக்கும் பழக்கம் இல்லை" என்று நம் வீட்டு விருந்துகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதைவிட மோசமான சொற்களையும் கேட்டிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன். அடிமைத்தளை அறுந்த 1865-லேயே விடுதலை பெற்றவர்களுக்கென்று ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. துணி வெளுத்த காசையும் பருத்தி எடுத்த காசையும் அதில் போட்டார்கள். நிர்வாகம் செய்தவர்கள் அந்தப் பணத்தைக் கண்ட இடத்தில் கடன் கொடுத்து அழிக்க, 1874-ல் வங்கி மூடப்பட்டது. 61,000 பேரின் பணம், ஏறத்தாழ 30 லட்சம் டாலர், போயிற்று. சேமிக்கத் தெரியாதவர்களா அவர்கள்?

நான் விருதுநகர்க்காரன். என் அப்பா ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதினார். சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பில் பார்ப்பேன். பருப்பு மூட்டைக்கு விலை, கூலி, தரகு, அப்புறம் 'மகமை' என்று ஒரு வரி. மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவில் எடுத்து வைக்கும் காசு. அந்தக் காசில் சரக்கு வண்டிகள் தங்கும் பேட்டை வந்தது, கிணறு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி நடத்திய பள்ளியில்தான் காமராசர் படித்தார். கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு சமூகம் இப்படிக் காசு சேர்த்து, 1921 மே 11 அன்று தூத்துக்குடியில் நாடார் வங்கியைப் பதிவு செய்தது. இன்று அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

அதே 1921. அதே மே மாதம். ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில் கிரீன்வுட் என்று ஒரு கடைவீதி. கறுப்பினத்தவர் தங்களுக்குள்ளேயே காசைச் சுற்றவிட்டுக் கட்டிய ஓட்டல்கள், தியேட்டர்கள், டாக்டர் அறைகள், பத்திரிகை அலுவலகங்கள். மே 31 இரவும் ஜூன் 1 காலையும் வெள்ளையர் கும்பல் புகுந்து 35 தெருக்கட்டங்களை எரித்தது. கலவரத்தில் நடந்த சேதம் என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகள் கையை விரித்தன. தூத்துக்குடியில் ஒரு வங்கி பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நம் ஊரில் சேர்த்த பிடி அரிசியை யாரும் கொளுத்தாமல் விட்டார்கள். அந்த வித்தியாசத்தில்தான் நான் படித்து இங்கே வந்தேன்.

அதே 1921 ஆகஸ்ட்டில் நம் அட்லாண்டாவில் ஆபர்ன் அவென்யூவில் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி திறந்தது. டல்சா எரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இங்கே ஒரு கறுப்பின வங்கி! அதே தெருவில், அடிமையாகப் பிறந்து முடிதிருத்தும் தொழிலில் முன்னுக்கு வந்த அலோன்சோ ஹெர்ன்டன் 1905-லேயே அட்லாண்டா லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனியை நிறுவியிருந்தார். அந்தத் தெருவை இரண்டாகப் பிளந்துகொண்டு நெடுஞ்சாலை போகிறது. 75-ம் 85-ம் சேர்ந்து ஓடும் அந்தச் சாலையில் நாம் ஊருக்குள் போகும்போதெல்லாம் ஓட்டுகிறோம். கீழே என்ன இருந்தது என்று எனக்கும் பத்து வருஷம் தெரியாது.

நம் அம்மா அப்பா முதல்முறை வந்து இறங்கிய விமான நிலையத்துக்கு ஹார்ட்ஸ்ஃபீல்டு–ஜாக்சன் என்று பெயர். அந்த ஜாக்சன், மேனார்டு ஜாக்சன். 1973-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்நகரின் முதல் கறுப்பின மேயர். அதுவரை நகராட்சி ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குக் கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. புதிய முனையம் கட்டும் வேலையில் கால்வாசி சிறுபான்மை நிறுவனங்களுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கட்ட வேண்டாம் என்று நின்றார். பெரிய கம்பெனிகள் எதிர்த்தன. அவர் அசையவில்லை. 1980-ல் முனையம் திறந்தது. பூச்சு வேலையில் தொடங்கிய ஹெர்மன் ரசல் அந்தக் காலத்தில்தான் பெரிய கட்டுமான முதலாளியாக வளர்ந்தார். அவர் பெயரில் காசில்பெரி ஹில்லில் இன்று நடக்கும் ரசல் மையத்தில் சிறுதொழில் செய்யும் கறுப்பினத்தவர்களுக்கு இடமும் பயிற்சியும் தருகிறார்கள். போய்ப் பாருங்கள். ஒப்பந்தம் கிடைத்தால் திறமை தானாக வளரும் என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி.

நாம் எப்படி இந்த நாட்டுக்குள் வந்தோம்? 1965 வரை இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு 100 பேர்தான் குடியேறலாம். கறுப்பின மக்கள் அடியும் உதையும் பட்டு நடத்திய உரிமைப் போராட்டம் 1964-லும் 1965-லும் சட்டமானது. அதே அலையில்தான் குடியேற்றச் சட்டமும் மாறியது. அந்தக் கதவு வழியாகத்தான் நம் முந்தைய தலைமுறை டாக்டர்களும் எஞ்சினியர்களும் வந்தார்கள். பிறகு, மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகம் ஒடுக்கப்பட்டவர்களின் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் ஒதுக்கும் 8(ஏ) திட்டம். இந்தியர்களும் அதில் வேண்டும் என்று மனுக் கொடுத்து 1982-ல் நாம் சேர்ந்துகொண்டோம். யாருக்காக முதலில் திறந்த கதவோ, அதில் நாமும் நுழைந்தோம். அந்தத் திட்டத்தில் வளர்ந்த ஐடி கம்பெனிகள் நம்மிடையே உண்டு. அவர்கள் ரிட்டர்னில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் தப்பில்லை. வாங்கிக்கொண்டதை மறப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இப்போது அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. 8(ஏ) திட்டத்தில் இனத்தை வைத்து ஒடுக்கப்பட்டவர் என்று ஊகித்துக்கொள்ளக்கூடாது என்று 2023-ல் டென்னசியில் ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறுபான்மையினரின் தொழில்களுக்கு உதவ 1969-ல் நிக்சன் காலத்தில் தொடங்கிய அரசு முகமைக்கும் 2024-ல் டெக்சாஸ் நீதிமன்றத்தில் அடி விழுந்தது. 2025 மார்ச்சில் அதைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சுருக்கும்படி அதிபரின் ஆணை வந்தது. நம் ஊரிலேயே அரியன் சிமோன் நடத்திய ஃபியர்லெஸ் ஃபண்ட், கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்து வந்தது. இது இனப் பாகுபாடு என்று 2023-ல் அதன்மேல் வழக்குப் போட்டார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? அடிமையாக இருந்தவர்களுக்கும் ஒப்பந்தம் செய்யும் உரிமை உண்டு என்று 1866-ல் எழுதிய சட்டத்தின் கீழ். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மானியத்தைத் தடுத்தது; செப்டம்பரில் சமரசம் பேசி அந்த மானியத் திட்டத்தை மூடினார்கள்.

ஆகவே, நிறம் பார்த்து ஒப்பந்தம் கொடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அது சட்டப்படி உங்களை மாட்டிவிடும். கணக்காளனாகச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். நான் கேட்பது வேறு. உங்களுக்கு வேலை செய்துகொடுக்கும் சின்ன நிறுவனம் எதுவானாலும், யாருடையதானாலும், 15 நாளில் பணம் கொடுத்துவிடுங்கள்.

மோட்டல், கிளினிக், பெட்ரோல் பங்க், டே கேர் வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! துப்புரவு, புல்வெட்டு, பெயின்ட், லாண்டரி, குப்பை என்று அத்தனை வேலையும் வெளியே கொடுக்கிறோம். அந்தச் சின்ன நிறுவனங்களில் பல கறுப்பினத்தவர்களுடையவை. 45 நாள் முன்னதாகக் கொடுப்பதால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டேன். மாதம் 9,000 டாலர் பில்லுக்கு, உங்கள் சேமிப்புக் கணக்கு 4 சதவீத வட்டி தந்தாலும், ஒரு பில்லுக்கு 45 டாலர்கூட ஆகாது. அந்த அம்மா தண்டலுக்குக் கூடுதலாகக் கட்டியது 12,000.

வேலைக்கு விலை கேட்கும்போது உங்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் கேட்காமல் ரசல் மையம் மாதிரி இடங்களுக்கும் தகவல் அனுப்புங்கள். யாருக்குக் கொடுப்பது என்பது விலையும் தரமும் பார்த்து உங்கள் முடிவு. விஷயம் அவர்கள் காதுக்கு எட்டினாலே போதும். நம் சங்கங்களும் அறக்கட்டளைகளும் வருஷம் முழுவதும் வங்கியில் போட்டு வைக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் போன்ற வங்கியில் போட்டால், 2.5 லட்சம் டாலர் வரை அரசுக் காப்பீடு உண்டு, ஒரு காசு குறையாது. அந்தப் பணம் இந்த நகரத்துச் சிறுதொழில்களுக்குக் கடனாகப் போகும்.

அறிமுகம் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் கொரோனா நிவாரணக் கடனுக்கு அரசு ஒதுக்கிய 34,900 கோடி டாலர் 13 நாளில் தீர்ந்தது. வங்கி மேனேஜரின் செல் நம்பர் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள்; நம்மில் பலர் அந்த வரிசையில் இருந்தோம். பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் தொழில் நடத்திக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் எண்ணிக்கை 11 லட்சத்திலிருந்து 6.4 லட்சமாக விழுந்தது. வெள்ளையரிடையே சரிவு 17 சதவீதம், இவர்களிடையே 41. பிறகு ஆய்வாளர்கள் பார்த்ததில், கடன் மனுவை மனிதர் பார்க்காமல் இயந்திரமே பரிசீலித்த வங்கிகளில் கறுப்பினத்தவர்களுக்குக் கடன் கூடுதலாகக் கிடைத்திருந்தது. ஆகையால், உங்களிடம் ஒழுங்காக வேலை செய்பவர் யாராக இருந்தாலும், உங்கள் மேனேஜரிடம் கூட்டிப்போய் "இவர் எனக்கு மூன்று வருஷமாக வேலை செய்கிறார், ஒரு நாள் தவறியதில்லை" என்று சொல்லுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் போதும். நான் இந்த ஊரில் அலுவலகம் திறந்தபோது எனக்காக உங்களில் ஒருவர் அதைச் சொன்னார்.

"நாமே வந்தேறிகள், நமக்கே ஆயிரம் கஷ்டம்" என்பீர்கள். உண்மைதான். விசாவுக்கு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கட்டடம் வாங்கியவர்களிடம் கேட்கிறேன்.

அந்த மூன்று பேரிடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் உட்கார்ந்து, என் தப்பை ஒத்துக்கொண்டு, 45 டாலர் கணக்கைக் காட்டினேன். மூத்தவர் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். ஒப்பந்தத்தைத் திருத்தினோம். அடுத்த இன்வாய்ஸுக்குப் பன்னிரண்டாவது நாள் செக் போனது. அந்த அம்மா மிச்சமிருந்த தண்டலை முன்கூட்டியே அடைத்துவிட்டார். எட்டாவதாக ஓர் ஆளைச் சேர்த்திருக்கிறார்.

வருகிற மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணிக்கு என் அலுவலகம் திறந்திருக்கும். உங்களிடம் வேலை செய்யும் சின்ன நிறுவனங்களின் ஒப்பந்தங்களை எடுத்து வாருங்கள். தவணை எழுதியிருக்கும் பத்தியை மட்டும் மாற்றி, அன்றைக்கே கையெழுத்துக்குத் தயார் செய்து தருகிறேன். கட்டணம் கிடையாது. அந்த அம்மாவும் வருகிறார். கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள். காபி நான் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்காளன்
ஜார்ஜியா